பத்தாம் வகுப்பின் அமைதி

ஏப்ரல் 9

இன்று காலை உணவின்போது மகள் என்னை "மேடம்" என்றாள். பள்ளியில் அவள் தலைமையாசிரியை, நான் தாளாளர். அங்கே மேடம் சரி. எங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே மதிலில் ஒரு சிறு கதவு இருக்கிறது. அதைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அம்மா. இன்று இந்தப் பக்கத்திலேயே மேடம். கோபம் என்று அர்த்தம்.

காரணம் எனக்குத் தெரியும். இந்த வருடம் கோடை விடுமுறை கிடையாது என்று நேற்று சொல்லிவிட்டேன். நோய்க்காலத்தில் ஒரு முழு வருடம் பள்ளி பூட்டிக் கிடந்தது. திறந்த பிறகாவது தேறுவார்கள் என்று பார்த்தேன். நேற்று பத்தாம் வகுப்புக்குப் போகப்போகிறவர்களில் சிலரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். ஒருவன் ஒரு பத்தியைக் கடப்பதற்குள் இருட்டில் படியிறங்குகிறவன் போலத் தடவித் தடவிப் போனான். முன்வரிசைப் பெண் பெருக்கலுக்கு விரல் மடக்குகிறாள், அதுவும் மேசைக்கு அடியில் மறைத்து வைத்து. வெட்கமாவது மிஞ்சியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

"வாத்தியாருங்களும் மனுஷங்கதான் மேடம்" என்றாள் மகள்.

"பிள்ளைகள் யார்?" என்றேன்.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். பாதிச் சாப்பாடு தட்டில்.

ஏப்ரல் 11

ஆசிரியர் கூட்டம். நான்கு மணி என்றால் நான்கு மணிக்கு உட்கார வேண்டும். கணக்கு ஆசிரியர் தேநீர்க் கோப்பையோடு வந்தார். பார்த்தேன். கோப்பையை வெளியே வைத்துவிட்டு வந்தார்.

அவர்தான் முதலில் பேசினார். "ஒரு வருஷமா வீட்ல சும்மா உக்காந்து சம்பளம் வாங்கினோம்னு ஊரே பேசுது மேடம். நீங்களும் அதையே நினைச்சா எப்படி? காலையில ஆறு மணிக்கு ஒரு பையன் போன் பண்ணுவான், ராத்திரி பத்து மணிக்கு அவங்கப்பா பண்ணுவார். நடுவுல நெட்வொர்க் இல்லாம கத்திக் கத்தி என் காது இன்னமும் இரையுது."

"காது இரைந்தால் வைத்தியரிடம் காட்டலாம். பதினைந்து வயதில் வகுத்தல் தெரியாத பிள்ளையை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?"

"ரெண்டு மாசம் வெயில்ல உக்கார வச்சா மட்டும் வந்துடுமா? பசங்களே களைச்சுப் போயிருக்காங்க. நாங்களும்தான்."

பல தலைகள் ஆடின. தோற்றுவிடுவேனோ என்று ஒரு கணம் தோன்றியது. அப்போது கடைசி நாற்காலியில் ஒரு கை எழுந்தது. அறிவியல் ஆசிரியை. கணவரை நோய்க்குப் பறிகொடுத்தவர். ஆறேழு மாதம் ஆகிறது.

"நான் வர்றேன் மேடம். முழு லீவும் வர்றேன்."

நான் விடவில்லை. "அவரே வருகிறார். மற்றவர்களுக்கு என்ன சிரமம் என்று எழுந்து சொல்லுங்கள், கேட்கிறேன்" என்றேன். எவரும் எழவில்லை.

கணக்கு ஆசிரியர் வெளியே போகும்போது அந்தப் பெண்ணிடம் தாழ்ந்த குரலில், "நல்லா கையைத் தூக்கினீங்கம்மா. எங்க எல்லாருக்கும் சேத்துத் தூக்கிட்டீங்க" என்றார். என் காது இன்னும் நன்றாகவே கேட்கிறது.

என் கணவர் போன அடுத்த வாரமே நான் பள்ளிக்கு வந்தேன். நான் அழுது எந்த வகுப்பும் பார்த்ததில்லை. வேலை ஒரு மனுஷியை நிமிர்த்தி நிறுத்தும். இந்தப் பெண்ணுக்கு அது தெரிந்திருக்கிறது. மகளுக்குத்தான் தெரியவில்லை.

ஏப்ரல் 12

ஆசிரியர் அறைக் கரும்பலகையில் யாரோ "இனிய விடுமுறை வாழ்த்துகள்" என்று எழுதி வைத்திருந்தார்கள். எழுத்து வரிசை தவறாமல் இருந்தது. அழிக்கச் சொன்னேன்.

ஏப்ரல் 24

கோடை வகுப்புகள் தொடங்கி மூன்றாம் நாள். பதினொரு மணிக்கு மேல் சுவரில் கை வைக்க முடியவில்லை. மின்விசிறி காற்றைச் சூடாக்கித்தான் தள்ளுகிறது. எட்டாம் வகுப்பில் ஒரு குழந்தை மயங்கி விழுந்து ஓய்வறைக் கட்டிலில் கிடந்தது. தண்ணீர்ப் பானைகளைக் கூட்டச் சொன்னேன்.

ஆனாலும் வந்திருக்கிறார்கள். பெற்றோர் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். மே மாதம் பாதியில் பெற்றோர் கூட்டம்; அதற்குள் அறிவியலிலும் கணக்கிலும் மூன்று மூன்று பாடங்கள் முடிந்திருக்கும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 29

பத்தாம் வகுப்பு மாடியில் கடைசி அறை. என் முழங்கால் படியேற விடாது. மாடிப்படியின் அடியில் நின்று காது கொடுத்துக் கேட்பதே என் மேற்பார்வை. நான் வந்தால் எல்லாம் நின்றுவிடுகிறதாம். அதனால் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் "பிரேக்". எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்று நின்றபோது மற்ற அறைகளிலிருந்து சந்தைச் சத்தம். கணக்கு வகுப்பில் மேசை தட்டிச் சிரிக்கிறார்கள். மாடியில் அறிவியல் ஆசிரியையின் வகுப்பிலிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. பக்கம் புரட்டும் ஓசைகூட இல்லை. நான் படித்த கான்வென்ட்டில் படிப்பு நேரத்தில் அப்படித்தான் இருக்கும். சிஸ்டர் நடக்கும்போது செருப்பு கேட்கும், வேறொன்றும் கேட்காது. இத்தனை வருடத்தில் இந்தக் கட்டடத்தில் அதை முதல்முறையாகக் கேட்டேன்.

மே 3

நான்கு நாளாக அதே அமைதி. மகளிடம் சொன்னேன்: "அறிவியல் ஆசிரியையைத் துக்கத்தில் இருக்கிறவர் என்றாயே. பார். பள்ளியிலேயே சிறந்த வகுப்பு அவருடையது."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "சரிங்கம்மா" என்றாள். ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று நினைக்கிறேன்.

மே 6

எழுதக் கை வரவில்லை. நாளை.

மே 7

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நேற்று கீழே கணக்கு வகுப்பில் இரைச்சல் பொறுக்க முடியவில்லை. ஆசிரியரை வெளியே அழைத்தேன். "என்னோடு வாருங்கள். ஒரு வகுப்பை எப்படி நடத்துவது என்று காட்டுகிறேன்" என்றேன். கைத்தடியை ஊன்றி ஒவ்வொரு படியாக ஏறினேன். அவர் பின்னால் வந்தார். "எதுக்கு மேடம் இந்தக் காலோட" என்றார். தடியை அடுத்த படிக்கு நகர்த்தினேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

கதவு பாதி திறந்திருந்தது. நாற்பது பிள்ளைகளும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். வகுப்புத் தலைவி — அந்த விரல் மடக்கும் பெண்தான் — பலகையில் சுண்ணக்கட்டியை அழுத்தாமல், கீச்சென்று சத்தம் வராமல், புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். அறிவியல் ஆசிரியை மேசையில் கைகளை மடித்து, அதில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. யாரோ சன்னல் பக்கம் ஒரு புத்தகப்பையை நிறுத்தி அவர் முகத்தில் வெயில் படாமல் மறைத்திருந்தார்கள்.

தலைவி என்னைப் பார்த்தாள். வாயில் விரல் வைத்தாள். என்னைப் பார்த்து! இந்தப் பள்ளியில் என்னிடம் யாரும் அப்படிச் செய்ததில்லை.

கைத்தடியால் மேசையில் ஓங்கித் தட்டினேன்.

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. "இதோ வந்துட்டேங்க... நீங்க எந்திரிக்காதீங்க, நான் எடுத்துத் தர்றேன்... ஏங்க, மெதுவா மூச்சு விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கைகளாலும் மேசைமேல் எதையோ தேடினார். டஸ்டர் கீழே விழுந்தது. பிறகுதான் வகுப்பு அவர் கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு நான்.

பிள்ளைகளில் யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பையன் அழத் தொடங்கினான். தலைவி மட்டும் என் முன்னால் வந்து நின்றாள்.

"அவங்க வீட்ல தூங்கறதே இல்ல மேடம். நாங்கதான் தூங்குங்கன்னு சொன்னோம். நாங்களே படிச்சுக்கறோம். சத்தியமா படிக்கிறோம்."

பலகையைப் பார்த்தேன். ஏப்ரலில் ஆரம்பித்த முதல் பாடம். இன்னும் முதல் பாடம்.

படியிறங்கும்போது கணக்கு ஆசிரியர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதரிடம் நான் ஒருநாளும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. கடைசிப் படியில், "நான் எதையும் பாக்கலை மேடம்" என்றார்.

ஏன் தட்டினேன்? தோளைத் தொட்டு எழுப்பியிருக்கலாமே. என்ன அவசரம் எனக்கு? அப்படி எந்த ரயில் போய்விட்டது?

மே 7, மாலை

மகளுக்கு முன்பே தெரியும்.

"சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? விளக்கம் கேட்டு ஓலை அனுப்பியிருப்பீங்க. நான் பசங்க பக்கம் நின்னுட்டேன். என்னைத் திட்டறதுன்னா திட்டுங்க."

"பாடம் முடியவில்லை. நாற்பது பிள்ளைகள். பரீட்சையில் அவர்கள் என்ன எழுதுவார்கள்? தலைமையாசிரியை நீ. அதையும் நினைத்தாயா?"

"நினைச்சேன்மா. தினமும் நினைச்சேன். ரெண்டுல எதை விடறதுன்னு தெரியலை."

அம்மா என்றாள். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். பிள்ளைப் பிராயத்துக்குப் பிறகு அவள் என் முன்னால் அழுததில்லை. என்னிடம் கற்றுக்கொண்டது அது.

மே 8

அறிவியல் ஆசிரியையை வரச் சொன்னேன். ராஜினாமாவை எழுதி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். வாங்கவில்லை. உட்காரச் சொன்னேன். எத்தனையோ வருடமாக இந்த அறைக்கு வந்து போகிறவர். உட்காரச் சொன்னது இதுதான் முதல்முறை.

"எல்லாருக்கும் விடுமுறை கொடுத்துவிடப் போகிறேன். நீங்களும் போய் ஓய்வெடுங்கள்" என்றேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. முகம் வெளுத்துவிட்டது.

"லீவு விடாதீங்க மேடம்."

"ஏன்?"

"ஒரே ரூம் வீடு. அவர் முடியாம கிடந்தப்ப ராத்திரி பூரா முழிச்சு மூச்சு வருதான்னு பாத்துட்டே இருப்பேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்ப என்னை உள்ள விடலை. இப்பவும் கண்ணை மூடினா இருமல் கேக்குது. எந்திரிச்சுப் பாத்தா யாரும் இல்ல." மடித்த ராஜினாமாவை இன்னொரு மடிப்பு மடித்தார். "கிளாஸ்ல நாப்பது பேர் மூச்சு விடற சத்தம் கேக்கும் மேடம். அப்பதான் கண்ணு மூடுது. தப்புதான். பசங்க நேரத்தைத் திருடிட்டேன். ஆனா அன்னைக்கு நான் கை தூக்கினது இதுக்காகத்தான்."

அதை நான் தியாகம் என்று நினைத்தேன். மற்றவர்கள் முகத்தில் அதை எடுத்து வீசினேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கணவர் போன வீட்டில் ஒரு பெண் எப்படித் தூங்குகிறாள் என்று, இன்னொரு விதவைக்குத் தோன்றியிருக்கக் கூடாதா? நானும்தான் அந்த வருடம் முழுக்க விளக்கை அணைக்காமல் படுத்தேன்.

அதை அவரிடம் சொல்லவில்லை. "காலை ஒன்பது மணிக்கு வாருங்கள். ஓய்வறை திறந்திருக்கும்" என்றேன். அவ்வளவுதான் வந்தது வாயில்.

மே 10

மீண்டும் ஆசிரியர் கூட்டம். திங்கள் முதல் ஜூன் திறக்கும்வரை விடுமுறை என்றேன். யாரும் கைதட்டவில்லை. மூன்று வாரம் வெயிலில் காய்ந்த பிறகு கொடுத்த விடுமுறைக்கு யார் கைதட்டுவார்கள்? ஆங்கில ஆசிரியை வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டாராம்.

பிள்ளைகள் இழந்த வருடம் இழந்ததாகவே நிற்கிறது. ஆசிரியர்கள் உழைக்க வேண்டும் என்று நான் சொன்னது தவறு என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. அவர்களால் முடியவில்லை என்பதும் பொய்யில்லை. இரண்டையும் ஒரே தலையில் வைத்துக்கொண்டு தூக்கம் வரவில்லை.

மே 14

பெற்றோர் கூட்டம். மூன்று பாடம் என்று வாக்குக் கொடுத்த நானே எழுந்து நின்று, முடியவில்லை என்றேன். இதுவரை அந்த மேடையில் அந்தச் சொல்லை நான் சொன்னதில்லை.

"அப்ப எதுக்கு பசங்களை வெயில்ல வரச் சொன்னீங்க?" என்று ஒரு அம்மா கேட்டார்.

பிறகு பின்வரிசையில் ஒரு தகப்பனார் எழுந்தார். கடை வைத்திருப்பவர். மகன் பத்தாம் வகுப்பு. "வெளியில ஒரு பேச்சு அடிபடுது. சயின்ஸ் டீச்சர் கிளாஸ்ல தூங்கினாங்களாமே? உண்மையா மேடம்? என் பையனைக் கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறான்."

பக்கத்தில் மகள் விரல்களை இறுகக் கோத்துக்கொண்டாள். கணக்கு ஆசிரியர் மேற்கூரையைப் பார்த்தார்.

"அப்படி எதுவும் நடக்கவில்லை. பாடம் நிற்பதற்குக் காரணம் நான் போட்ட திட்டம். கோபம் இருந்தால் என்மேல் காட்டுங்கள்" என்றேன்.

காட்டினார்கள். "தலை நரைச்சதே தவிர..." என்று ஒருவர் தொடங்கி, முடிக்காமல் விட்டார். நின்றுகொண்டே கேட்டேன்.

வகுப்புத் தலைவி தன் அம்மாவோடு வந்திருந்தாள். நான் பொய் சொன்னபோது நிமிர்ந்து என் கண்ணையே பார்த்தாள். அவள் அம்மா குனிந்து ஏதோ கேட்டார். "ஆமாம்மா. மேடம் சொல்றதுதான்" என்றாள்.

அவளுக்கு இன்னும் பெருக்கல் வராது.

மே 19

பள்ளி பூட்டியிருக்கிறது. அறிவியல் ஆசிரியை ஒன்பதுக்கு வந்தார். முதல் இரண்டு நாளும் ஓய்வறைக் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி விழித்துக் கிடந்தாராம், காவல்காரர் சொன்னார். ஆகவே இன்று கட்டிலுக்குப் பக்கத்தில் என் நாற்காலியைப் போடச் சொன்னேன். சன்னலுக்குத் திரை ஒன்று தைக்க வேண்டும், இங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று காரணம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என் ஊசி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தூங்கிவிட்டார்.

பத்தரை மணிபோல எனக்குத் தொண்டை கரகரத்தது. தடியை எடுத்தால் சத்தம் வரும். சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவின் கோடிவரை போய், புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தி இருமிவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தேன்.