பொடி கழுவிய தண்ணீர்

முதலியார்பேட்டை, புதுச்சேரி
10 மார்ச் 2024

அன்புள்ள வதனிக்கு,

சந்திரகலா எழுதுவது. இங்கே நானும் சக்கரபாணியும் பிள்ளைகளும் சௌக்கியம். அங்கே உன் வீட்டுக்காரரும் மகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். கணக்கு வழக்கெல்லாம் மின்னஞ்சலில் வந்துவிடும். பார்சலில் கடிதம் வைக்காமல் அனுப்பினால் எனக்குத்தான் மனசு கேட்பதில்லை.

டப்பாவில் இருப்பது புதிதாகச் செய்த இறால் ஓட்டுப் பொடி. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து ஓட்டை மூட்டையாக ஏற்றி வந்தேன். அந்த ஆட்டோக்காரர் இன்றைக்கும் என்னைக் கண்டால் வேறு தெருவில் திரும்பிவிடுகிறார். நீ அனுப்பிய வவுனியாப் பள்ளிக் கிணற்றுத் தண்ணீரில் இந்தப் பொடியைப் போட்டேன். புளோரைடு சரசரவென்று இறங்கிவிட்டது. அந்தப் பிள்ளைகளின் பல்லில் இனி கறை ஏறாது, பார்.

தாய்லாந்தில் அந்தச் சியாங் மாய் மாநாட்டில், தமிழ் பேசுகிற இரண்டு வேதியியல் ஆசிரியைகள் என்று நம்மை ஒரே அறையில் போட்டவர் யாரோ, நன்றாக இருக்கட்டும். இரண்டு நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்தால்தான் நிதி என்ற விதியை வைத்தவரும் நன்றாக இருக்கட்டும். இல்லையென்றால் நீ யாரோ, நான் யாரோ. நீ என்னை ‘நீர்’ என்று எழுதுவது முதலில் புலவர்கள் சண்டை மாதிரி இருந்தது. இப்போது வேறு யாராவது ‘நீ’ என்றால்தான் குறையாகப் படுகிறது.

ஒன்று கேட்கிறேன். சோதனைக்குத் துணையாக அந்தத் தாய்லாந்துப் பேராசிரியை சிரிபோர்னைச் சேர்த்துக்கொண்டது சரி, அவரிடம் பெரிய நுண்ணோக்கி இருக்கிறது. ஆனால் உன் போன கடிதத்தில் என்னைவிட அவர்தான் அதிகம் இருந்தார்.

பிரியத்துடன்,
சந்திரகலா

கோண்டாவில், யாழ்ப்பாணம்
2 மே 2024

அன்பின் சந்திரகலாவுக்கு,

பொடியும் கடிதமும் பத்திரமாக வந்து சேர்ந்தன. நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். இங்கே வெயில் கொளுத்துகிறது.

ஒரு சிக்கல். உம்முடைய பொடி இங்கேயும் அருமையாக வேலை செய்கிறது. உம்முடைய செய்முறைப்படியே இங்கத்தை றால் கோதில் நான் செய்த பொடியோ பாதி கூடச் செய்யவில்லை. திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டேன். சிரிபோர்னும் தன்னுடைய ஆய்வுகூடத்தில் செய்து பார்த்தார், அங்கேயும் அதே கதைதான். செய்முறையில் எழுதாமல் விட்டது ஏதும் இருக்கா என்று உம்மிடம் கேட்கச் சொன்னார். வெயிலையும் பாராமல் அடுத்த மாதம் இங்கே வருகிறார். எங்கள் வீட்டில்தான் தங்குவார். மகள் இப்போதே அவருக்குக் கொழுக்கட்டை அவிக்கப் பழகுகிறாள்.

உம்முடைய,
வதனி

முதலியார்பேட்டை, புதுச்சேரி
20 மே 2024

அன்புள்ள வதனிக்கு,

எழுதாமல் விட்டது ஏதும் இருக்கா என்று கேட்டிருக்கிறாய். நீயாகக் கேட்டிருந்தால் சிரித்துவிட்டுத் தேடிப் பார்த்திருப்பேன். அவர் கேட்கச் சொல்லி நீ கேட்டதுதான் சுருக்கென்றது.

என் செய்முறையில் ஒரு வரி கூட விடவில்லை. ஊறவைப்பது, காரத்தில் கொதிக்கவைப்பது, அமிலம், கழுவுவது, உலர்த்துவது எல்லாம் இருக்கிறது. உங்கள் இருவர் கையும் சரியில்லையோ என்னவோ.

எனக்குப் பொறாமைதான் வதனி. மறைத்து என்ன ஆகப்போகிறது? இத்தனை நாளில் உன் வீட்டுக்கு வா என்று என்னை ஒரு தடவை கூப்பிட்டாயா? சென்னையில் ஏறினால் யாழ்ப்பாணத்தில் இறங்கிவிடலாம். அவள் எங்கிருந்தோ வந்து உன் மகள் கையால் கொழுக்கட்டை சாப்பிடப் போகிறாள். நேற்று சக்கரபாணியே கேட்டுவிட்டார்: “யாருடி அந்த சிரிபோர்ன்? சோறு போடும்போதும் அந்தப் பேரு, தூங்கும்போதும் அந்தப் பேரு.”

கோபத்துடன், ஆனாலும் பிரியத்துடன்,
சந்திரகலா

கோண்டாவில், யாழ்ப்பாணம்
15 ஜூன் 2024

அன்பின் சந்திரகலாவுக்கு,

உம்மைக் கூப்பிடாதது என் பிழைதான். இது உம்முடைய வீடுதானே, தனியாகக் கூப்பிடவும் வேண்டுமா என்று இருந்துவிட்டேன்.

இப்போது விசயம். சிரிபோர்ன் வந்து போய்விட்டார். அவருக்கு உம்முடைய முடிவுகளில் நம்பிக்கை குறைகிறது. பொடியில் வெளியே சொல்லாத ஏதோ சேர்த்திருக்கிறீர் என்று நினைக்கிறார். என்னுடைய மாணவர்களுக்கு முன்னால் அவரிடம் சொன்னேன்: “சந்திரகலா அப்பிடிப்பட்ட ஆள் இல்லை. காரணம் தெரிஞ்ச அண்டைக்கே, அந்த நாளே எனக்கு எழுதுவா.”

வவுனியாப் பள்ளிக்கூடத்து வடிகட்டிக்கு அரசாங்கத்தில் காசு ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் ஒக்டோபர் முடிவதற்குள் மூன்று ஆய்வுகூடமும் ஒரே முடிவைக் காட்டவேண்டும். தவறினால் அந்தக் காசு வேறு வேலைக்குப் போய்விடும். தயவுசெய்து மறுபடி ஒருக்கால் யோசித்துப் பாரும்.

உம்முடைய,
வதனி

முதலியார்பேட்டை, புதுச்சேரி
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள வதனிக்கு,

காரணம் கிடைத்துவிட்டது. குழம்பில் உப்புப் போடுகிற மாதிரி அத்தனை சின்ன விஷயம். கை தன்னால் செய்கிறது, யாரும் எழுதிவைப்பதில்லை. பொடியில் நான் எதையும் ஒளித்துவைக்கவில்லை, எனக்கே தெரியாமல்தான் இருந்தது.

ஆனால் இப்போது எழுத மாட்டேன். இங்கே எழுதினால் மறுநாளே அது சியாங் மாயில் அவள் மேசையில் இருக்கும். தன் நுண்ணோக்கியில் படம் எடுத்து, நானே கண்டுபிடித்தேன் என்று உன் சிநேகிதி கிளம்பிவிடுவாள். என்னைப் பொய்க்காரி என்று நினைத்தவளுக்கு முன்னால் நானே சொல்கிறேன். நவம்பரில் பினாங்கு மாநாட்டில் நம் திட்டத்துக்குப் பேசுகிற முறை என்னுடையது. நீ முன்வரிசையில் உட்கார வேண்டும். அவளும் உட்காரட்டும்.

ஒக்டோபர் என்று நீ எழுதியதைப் படித்தேன். அரசாங்கக் காரியம் எந்த ஊரில் சொன்ன தேதியில் நடந்திருக்கிறது? ஒரு மாதம் முன்னே பின்னே ஆனால் குடி முழுகிப் போகாது. பினாங்கில் உனக்கென்று மணப்பாறை முறுக்கும் ஒரு புடவையும் கொண்டு வருகிறேன்.

பிரியத்துடன்,
சந்திரகலா

கோண்டாவில், யாழ்ப்பாணம்
8 செப்டெம்பர் 2024

சந்திரகலா,

தொலைபேசியை ஏன் எடுக்கிறீர் இல்லை? இது சிரிபோர்னுக்காக இல்லை. எனக்காகக் கேட்கிறேன். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றால் சொல்லமாட்டேன். ஒரு வரி எழுதும், போதும்.

வதனி

கோண்டாவில், யாழ்ப்பாணம்
24 நவம்பர் 2024

அன்பின் சந்திரகலாவுக்கு,

பினாங்கில் தேநீர் நேரத்தில் என்னைத் தேடினீர் என்று சொன்னார்கள். நான் விடுதிக்குப் போய்விட்டேன். அன்று பின்னேரமே ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

உம்முடைய பேச்சு மிக நன்றாக இருந்தது. உங்கள் கல்லூரிக் குழாயில் வருவது இரும்பு கலந்த போர்வெல் தண்ணீர் என்றும், காய்ச்சி வடித்த நீரை மிச்சம் பிடிப்பதற்காக முதல் கழுவல்களை அந்தக் குழாயிலேயே முடித்துவிடுவது அங்கே எல்லோருக்கும் பழக்கம் என்றும் சொன்னீர். பொடியில் ஒட்டிய அந்த இரும்புதான் புளோரைடைப் பிடித்ததாம். ஆய்வகத்துக்குச் சுத்திகரித்த தண்ணீர் வந்ததும் உம்முடைய பொடியும் வேலை செய்யாமல் போக, அதில்தான் பிடிபட்டது என்றீர். எங்கள் கிணறுகளில் சுண்ணாம்பு. பாத்திரமெல்லாம் வெள்ளை பிடிக்கும் என்று தொடக்கம் முதலே வடித்த நீரில்தான் கழுவுவோம். எனக்கு அது எப்படித் தெரியவரும்?

பிறகு சிரிபோர்ன் எழும்பி, இதை எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். ஆகஸ்டிலேயே என்று மேடையில் சிரித்துக்கொண்டு சொன்னீர். எல்லோரும் கைதட்டினார்கள். சிரிபோர்ன் உம்மைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

ஒக்டோபர் கடைசியில், முடிவுகள் ஒத்துவரவில்லை என்று நான்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தக் காசில் இப்போது பள்ளிக்கூடத்துக்கு மதில் கட்டுகிறார்கள். பிள்ளைகள் அதே கிணற்றில்தான் குடிக்கிறார்கள்.

பொறாமை என்று நீர் எழுதிய கடிதத்தை அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். என் சிநேகிதம் வேண்டும் என்று ஒருத்தி இவ்வளவு சண்டை பிடிக்கிறாளே என்று எனக்குப் பெரிய புளுகம், அவ்வளவு சந்தோசம். சிரிபோர்னுக்கும் அதைச் சொல்லிச் சிரித்தேன். என்னைக் கொடுத்துவைத்த ஆள் என்றார் அவர்.

கட்டுரையில் உம்முடைய பெயர்தான் முதலில் வரும். அதில் ஒரு குறையும் இல்லை. இனி இந்த வேலை சம்பந்தமாக ஏதும் இருந்தால் சிரிபோர்னுக்கு எழுதும். எனக்குத் தேவையானதை அவர் சொல்லுவார்.

வதனி