அடக்க வீடியோ

புதன்கிழமை, ராத்திரி.

சர்ச்சில் சாயங்காலப் பூசை முடிந்து வெளியே வந்தால் லில்லி புதுக் காரோடு நிற்கிறாள். அவள் புருஷன் ஜெயனும் என் வீட்டுக்காரரும் ஒன்றாகத்தான் கேபிள் டிவி தொடங்கினார்கள். இவர் தென்னை மரத்திலும் கரண்ட் போஸ்டிலும் ஏறி வீடு வீடாக வயர் இழுத்தார். மழையில் படம் போனால் இவர்தான் ஓடவேண்டும். ஜெயன் எதிலும் ஏறியதில்லை. பிறகு தனியாகப் பிரிந்து, கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்யாணம், சவ அடக்கம் எல்லாவற்றையும் யூடியூபில் லைவ் விட்டான். கல்ஃபில் இருப்பவர்கள் பார்த்தார்கள். கடைக்காரர்கள் விளம்பரம் கொடுத்தார்கள். ஊர்க்காரர்கள் எங்கள் வயரை ஒவ்வொரு வீடாக அறுத்துவிட்டார்கள்.

லில்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி ரோசம்மா, எங்க சேனல்ல உனக்க வீட்டுக்காரருக்க அடக்கத்தத்தான் ஆளுவ கூடுதலா பாத்திருக்காவ, கேட்டியா?"

"நடுவுல நகைக்கட விளம்பரமும் வருதே, அதையும் பாத்தாவளா?"

அவள் முகம் சுருங்கியது. "வேண்டாம்னா சொல்லு மக்கா, வீடியோவையே எடுத்துரச் சொல்லுகேன்."

அவர் ஏறிய மரமெல்லாம் தராததைப் பெட்டியில் கிடந்த அவரை வைத்து இவர்கள் சம்பாதிக்கிறார்கள். எடுத்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் லீவு கிடைக்காத என் மகன் குவைத்தில் இருந்து அப்பா முகத்தைப் பார்த்தது அதில்தான். இன்னும் டூட்டி முடிந்து வந்தால் அதைத்தான் போட்டுப் பார்க்கிறான்.

"கிடக்கட்டு," என்றேன்.

அதற்குள் ஜெயன் இறங்கி வந்து அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டான். காரைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். புருஷன் கதவைத் திறந்துவிடுவதைப் பொறுக்க முடியவில்லை.