வெளியே வந்த பிரேக் ஒயர்

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் மூடுபனி. நீவா ஆற்றுச் சரிவில் இறங்கும்போது பிரேக் ஒயர் பட்டென்று அறுந்தது. சைக்கிள் நேராகக் கரும்புத் தோட்டத்துக்குள். முழங்கையில் சிராய்ப்பு. பிரசவப் பெட்டி பத்திரம், ஸ்தோத்திரம். தோட்டக்காரர் ஓடி வந்தார். "ஏன் நர்ஸம்மா, கரும்பு வோணும்னா கேட்டா குடுக்க மாட்டனா?" வலியோடு சிரிப்பு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சித்தூர் வந்தேன், கையில் ஒரு கரும்போடு.

பிப்ரவரி 3, செவ்வாய்

சைக்கிள் கடை. எங்கள் ஆஸ்பத்திரித் துரைசானி டாக்டர் சீமைக்குத் திரும்பும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன வண்டி. அதில் ஒயர் குழாய்க்குள்ளேயே ஓடுகிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கடைக்காரர் புது ஒயரை விட்டுப் பார்த்தார். பாதியில் நின்றது. "லோபல அந்தா துப்பு, அம்மகாரு! உள்ள முழுக்க துரு. ஒயர் போவாது. வெளிய கட்டிரலாமா?"

என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியார், எதுவும் அழகாக இருக்க வேண்டும். "வெளிய கட்டினா கொடல் தொங்கற மாதிரி இருக்கும், எஸ்தர்."

"நான் தெனமும் பாக்காத கொடலா?"

சோற்றை வைத்துக்கொண்டு இருவரும் சிரித்தோம். ஆனாலும் மனசுக்குள் ராஜம்மாள்தான். கங்காதர நெல்லூர்க்காரி. இந்த வாரம் பிரசவ நாள். முன்பு பிறந்த இரண்டும் தங்கவில்லை. நான் இருப்பேன் என்று கையடித்துச் சொல்லியிருக்கிறேன். மாட்டு வண்டியை நம்பினால் ஆகாது.

பிப்ரவரி 5, வியாழன்

வெயில். தோய்த்த புடவை காய்ந்துவிட்டது.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். குழாய்க்குள் எண்ணெய் விட்டார், ஊதினார், மெழுகு நூல் விட்டார். மூக்கெல்லாம் கறுப்பு. கடைசியில் எழுந்து, "வா, கடைக்கே போலாம். வெளியவே கட்டிக்கலாம்" என்றார். நல்ல மனுஷர்.

உறை போட்ட புது ஒயர், குழாயின் மேலேயே ஹேண்டிலிலிருந்து பின் சக்கரம் வரை. தோல் வார் துண்டுகளால் அவரே கட்டினார். பிடித்தால் கப்பென்று நிற்கிறது! கடை வாசலில் மூன்று தடவை நிறுத்திப் பார்த்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

தூக்கமே வரவில்லை. சந்தோஷத்தில்.

காலையில் ராஜம்மாளின் தம்பி ஓடி வந்தான். "அக்காவுக்கு வலி எடுத்துக்கிச்சிம்மா. வண்டி கட்டிக்கினு வரட்டா?"

"வண்டி வரட்டும். நான் முன்னால போறேன்."

அதே சரிவு. நடுவில் ஆட்டு மந்தை. பிரேக்கைப் பிடித்தேன். ஒரு குட்டி என் முன்சக்கரத்தை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

போய்ச் சேர்ந்தபோது தலை தெரிந்துவிட்டது. கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்தது. எடுத்துவிட்டேன். குழந்தை நீலமாக, சத்தமே இல்லை. முதுகைத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு அழுதது.

"அழுவுதா? நெஜமாவே அழுவுதாம்மா?"

"நீயே கேளு. தெருவுக்கே கேக்குது."

பெண். நல்ல கனம். ராஜம்மாள் என் கையை விடவேயில்லை. அவள் மாமியார் என் வாயில் வெல்லத்தைத் திணித்து, "துன்னும்மா, துன்னு" என்றாள். தம்பியின் வண்டி அதற்கப்புறம்தான் வந்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு

கோயிலில் ஆராதனை. ஜெபித்தது ராஜம்மாளுக்காக, குழந்தைக்காக.

சைக்கிளைத் துடைக்கும்போது பிரேக் பிடி அருகே உறை ஒரு இடத்தில் தேய்ந்திருந்தது கண்ணில் பட்டது. வாரைத் தள்ளிக் கட்டினேன். உள்ளே இருந்திருந்தால் தெரிந்தே இருக்காது.

மாலையில் கோயில் மைதானத்தில் அவருக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தேன். இத்தனை நாளும் ஓட்டத் தெரியாமல்தான் அழகைப் பற்றிப் பேசினார்! பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன். விட்டேன். போய்விட்டார். மரத்தைச் சுற்றி ஒரு வட்டம், இன்னொரு வட்டம். கோயிலுக்கு வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை.

"ஏங்க, எறங்குங்க! பிரேக்கப் புடிங்க!"

"மாட்டேன் எஸ்தர்! நல்லா இருக்குது!"