கண் மூடாத ஒரு படம்

நேற்றுக் காலை எங்கள் வீட்டுக் குளியலறையிலிருந்து வினிகர் வாசனை கூடம் வரைக்கும் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "இன்னா, ஊறுகா போடுறியா?" என்று கேட்டார். ஃபிலிம் கழுவுகிறேன் என்றேன். கதவுக்கு அடியில் வெளிச்சம் நுழையாமல் கம்பளியைச் சுருட்டி வைத்துக்கொண்டு, உன்னுடைய ஃபிலிம் கழுவும் டப்பாவில், நீ பக்கத்தில் இல்லாமல் முதல் தடவையாக ஒரு ரோல் கழுவினேன். மருந்தை மூன்று தடவை அளந்து அளந்து ஊற்றியதை நீ பார்த்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

எந்த ரோல் என்று உனக்குத் தெரியும். பேத்தமங்களா ஏரிக்கரையில் நாம் இரண்டாவது முறை போய் எடுத்தது. அடுத்த வாரமே நீ படுக்கையில் விழுந்தாய், அந்த மாதமே போய்விட்டாய். ஒரு வருஷமாக அது என் கேமராவுக்குள்ளேயே கிடந்தது. பெங்களூரில் லேபில் கொடுத்துவிடலாம் ஆன்ட்டி என்று உன் மகள் சொன்னாள். எனக்கு மனசு வரவில்லை. கெட்டுப்போவதென்றால் என் கையாலேயே கெடட்டும் என்று பிடிவாதம். ஆனால் பயத்துக்கும் குறைவில்லை. கண் திறந்தபடி நீ இருக்கிற படம் இந்த உலகத்தில் ஒன்றுகூட இல்லை. இருந்தால் அந்த ரோலில்தான் இருக்க வேண்டும்.

வாக்காளர் அட்டை, ஆஸ்பத்திரி அடையாள அட்டை, உன் கல்யாண ஆல்பம், எதைப் பிரித்தாலும் நீ தூங்கிக்கொண்டிருப்பாய். முப்பது வருஷம் எக்ஸ்ரே எடுத்தவளுக்கு இது பெரிய மனக்குறை. "ஊரு ஜனத்த எல்லாம் படம் புடிச்சேன், ஒருத்தரும் கண்ண மூடல. எனக்கு மட்டும் இன்னாடி சாபம்?" என்பாய். எலும்புக்கு ஏதுடி கண் என்று நான் கேட்டால் கோபம் வேறு வரும்.

நம் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறி பெங்களூர் போகும் காலை வண்டியில் எத்தனையோ வருஷம் ஒரே பெட்டியில் போய் வந்திருக்கிறோம். நீ ஆஸ்பத்திரிக்கு, நான் இன்சூரன்ஸ் ஆபீசுக்கு. சாப்பாட்டுப் பையில் துண்டைச் சுற்றி நான் ஒளித்து வைத்திருந்த பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை ஒருநாள் நீ பார்த்துவிட்டாய். உடனே உன் பையைத் திறந்தாய். உள்ளே அதே மாதிரி ஒன்று, அதையும் துண்டில்தான் சுற்றியிருந்தாய். பங்காருபேட்டை வரைக்கும் நாம் சிரித்த சிரிப்பில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்.

நாம் ரிட்டயர் ஆன பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தொடங்கியது. நீ சர்ச்சிலிருந்து வந்ததும் உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் நமக்குக் கண்காட்சி. நம்மோடு பங்காருபேட்டைப் பள்ளிக்கூடத்துக் கன்னட மேஷ்ட்ரும் பேங்க் வாட்ச்மேன் அண்ணனும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களிடமும் அந்தக் காலத்து ரேஞ்ச்ஃபைண்டர்கள்தான். நீ போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. யார் படத்தைப் பார்த்தாலும் பாராட்ட வேண்டும், ஆனால் 'நல்லா இருக்குது' என்று சொல்லக் கூடாது. படத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்து, இது என்று காட்டிச் சொல்ல வேண்டும். தவறினால் எல்லாருக்கும் டீ போட வேண்டும். மேஷ்ட்ரு முதல் வாரம் தந்திரமாக 'சென்னாகிதே' என்றார். கன்னடத்தில் சொன்னாலும் டீதான் என்று அடுப்படிக்கு அனுப்பிவிட்டாய்.

வாட்ச்மேன் அண்ணன், தங்கச் சுரங்கத்துக் கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டில் எடுத்துவந்த ஆட்டுப் படம் நினைவிருக்கிறதா? மொத்தமும் கலங்கிக் கிடந்தது. நானும் மேஷ்ட்ரும் டீ போடுவதற்கே தயாராகிவிட்டோம். நீ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு விரலை வைத்தாய். "அண்ணே, காது மட்டும் எவ்ளோ தெளிவா இருக்குது பாருங்க. நீங்க வர்ற சத்தத்த அது கேட்டுனு இருக்குது." எப்போதும் குனிந்தே இருக்கும் அந்த மனுஷனின் முகத்தை நான் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் நமக்கு வெறும் காதுகளாகவே கொண்டுவந்தார், அது வேறு கதை.

உன்னைக் கண் திறந்தபடி எடுத்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டது நான்தான். முதல் தடவை பேத்தமங்களாவில் முப்பத்தாறு எடுத்தேன். கண்ணாடி போட்டால் ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி இருக்கிறேன் என்று நீ கழற்றி வைத்துவிட்டாய். ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக இல்லையே, மேலே இருக்கும் தனி ஜன்னல் வழியாகத்தானே. ஜன்னலில் நீ பளிச்சென்று தெரிந்தாய். ஏரி தெரிந்தது. கொக்குகூடத் தெரிந்தது. லென்ஸுக்கு மூடி போட்டபடியே இருந்தது எனக்குத் தெரியவில்லை. எதிரில் நின்ற நீ பார்த்திருக்கலாம், கண்ணாடி இல்லாமல் உனக்குக் கேமராவே மங்கல்.

கழுவி எடுத்தால், வெளிச்சமே படாத ஃபிலிம் முழுக்கத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு நிழல் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கேமராவை விற்றுவிடப் போகிறேன் என்றேன். நீ கேட்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த வெறும் ஃபிலிமை மேஜையில் விரித்து வைத்தாய். சட்டம் சட்டம்தான், பாராட்டுங்கள் என்றாய். மேஷ்ட்ரு திணறினார். வாட்ச்மேன் அண்ணன் எழுந்து டீ போடவே போய்விட்டார். கடைசியில் நீதான் விரலை வைத்தாய். "முப்பத்தாறுலயும் நான் கண்ண மூடல" என்றாய். அன்றைக்கு மேஷ்ட்ரு சிரித்துச் சிரித்துப் புரையேறி, தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது. கேமராவை விற்கும் பேச்சை நானும் விட்டுவிட்டேன்.

இரண்டாவது தடவை நீ கண்ணாடியைக் கழற்றவே மாட்டேன் என்றாய். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் "மூடி?" என்று அதிகாரமாகக் கேட்டாய். கழற்றிவிட்டேன் என்று நான் சொல்வேன், உடனே உனக்குச் சிரிப்பு வந்துவிடும். அதுதான் வினையாகிவிட்டது.

நேற்று ஃபிலிம் காய்ந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் விழுந்திருந்தது. நீ இருந்தாய். நின்ற இடத்திலேயே உன் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். பிறகு ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனேன். முப்பத்தைந்திலும் சிரிக்கிறாய். முப்பத்தைந்திலும் கண் மூடியிருக்கிறாய்.

இன்று பிரிண்ட் போட்டு, நாங்கள் மூன்று பேரும் உன் வீட்டு மேஜையில் வைத்தோம். உன் மகளும் உட்கார்ந்தாள். அவளுக்குச் சட்டம் தெரியும். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் இடுங்கிப்போன உன் இமையில் விரலை வைத்து, "இதான் எங்கம்மா" என்றாள். சுவரில் மாட்ட அதையே எடுத்துக்கொண்டாள். யாரும் டீ போட எழுந்திருக்கவில்லை.

முப்பத்தாறாவது படத்தை நான் மறந்தே போயிருந்தேன். கிளம்பும் நேரத்தில், ஒன்று மிச்சம் இருக்கிறது கொடு என்று கேமராவைப் பிடுங்கினாயே, அது. அதில் நான் இருக்கிறேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தலை கலைந்து, உன்னைப் பார்த்து ஏதோ திட்டிக்கொண்டே சிரிக்கிறேன். என் முகம் இவ்வளவு அழகாக இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. வாட்ச்மேன் அண்ணன் அதை எடுத்துப் பார்த்தார். என் முகத்தில் விரலை வைத்தார்.

"இத எடுக்கறப்ப அந்தம்மா கண்ணு தொறந்துதான்மா இருந்திச்சு" என்றார்.

அந்தப் படத்தை மட்டும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை, என் கைப்பையில் இருக்கிறது. இனி யார் கேட்டாலும் அதைத்தான் எடுத்துக் காட்டுவேன், இது என் சிநேகிதியின் படம் என்று.