நான் சேவ் செய்த முப்பத்திரண்டு மேளங்கள்

23 ஆகஸ்ட் 2005, செவ்வாய்

மழை. ஹாஸ்ரா முனையில் முழங்கால் அளவு தண்ணீர். கிதர்பூர் போர்ட் ஸ்டோர்ஸில் வேலைக்கு அரை மணி தாமதமாகப் போனேன். யாரும் கவனிக்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாகவே கவனித்ததில்லை.

திரும்பி வந்தால் ஹம்சினி கம்ப்யூட்டர் முன்னால், காதில் ஹெட்ஃபோனோடு, ஒரே விசையை டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டிருக்கிறாள்.

"என்னம்மா பண்றே?"

"மேளம் பண்றேன்ப்பா."

மேளச் சத்தமே இல்லை! பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்த பெண் சத்தம் போடாமல் மேளம் பண்ணுகிறாள். அதற்காக சால்ட் லேக்கில் ஒரு கம்பெனி அவளை வேலைக்கு வைத்திருக்கிறதாம். நான் பத்தாம் கிளாஸை இரண்டு தடவை எழுதியவன்தான். அதற்காக எதைச் சொன்னாலும் நம்பிவிடுவேனா?

25 ஆகஸ்ட்

அவள் அம்மா நாகுவைக் கேட்டேன். "செல்ஃபோன் அடிக்கறச்சே பாட்டு வரதோன்னோ, அதுல மேளம் வர இடத்தை இவ பண்றா. எனக்கே புரிஞ்சுடுத்து, உங்களுக்கென்ன?" என்கிறாள்.

எனக்கும் புரிகிறது. புரிவது வேறு, நம்புவது வேறு.

28 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று பெண்ணையே உட்காரவைத்து விசாரித்தேன். அவள் சொன்னதை எனக்கு எட்டிய வரை எழுதி வைக்கிறேன்.

நிஜ மேளத்தைப் பதிவு செய்து ஃபோனுக்குள் வைக்க இடம் போதாதாம். அதனால் ஃபோனையே மேளம் அடிக்க வைக்க வேண்டும். திரையில் நாலு பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஓர் அலை. ஓர் அலையைக் கொண்டு இன்னோர் அலையை உலுக்கினால் மணி, தோல், தகரம் எல்லாம் அதிலிருந்து பிறக்குமாம். எவ்வளவு வேகமாக உலுக்குவது, எப்போது நிறுத்துவது என்பது இவள் திருகும் குமிழ்களில் இருக்கிறது. அக்டோபரில் தெருத்தெருவாகப் பந்தல் போடும் பூஜைக்கு 'டாக்' மேளச் சத்தங்கள் முப்பத்திரண்டு கேட்டிருக்கிறார்கள். தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு குச்சியால் அடிப்பார்களே, அந்த டாக். செப்டம்பர் 14ஆம் தேதி முதலாளி முன்னால் போட்டுக் காட்ட வேண்டும். பிடித்தால் வேலை நிரந்தரம்.

"ஒரு இடம்தான்பா. நானும் ரஞ்சனும் இருக்கோம்."

ரஞ்சன் யார்?

1 செப்டம்பர்

ரஞ்சன் பௌமிக். ஒரே நாளில் நான்கு தடவை ஃபோன் செய்தான். ஒரே ஒரு இடத்துக்குப் போட்டி போடுகிறவன் எதிராளியை நாலு தடவை ஏன் கூப்பிடுகிறான்? ஒன்று, அவள் வேலையைத் திருட. இரண்டு... இரண்டாவதை எழுதவே எனக்குப் பிடிக்கவில்லை.

6 செப்டம்பர், செவ்வாய்

வயிற்று வலி என்று லீவ் எழுதிக் கொடுத்துவிட்டு கருணாமயி பஸ் ஏறினேன். சால்ட் லேக் செக்டர் ஃபைவில், அவள் ஆபீஸ் இருப்பதாகச் சொன்ன எட்டு மாடிக் கட்டிடம். கீழே பெயர்ப்பலகையில் பதினேழு கம்பெனிகள் இருக்கின்றன, இவள் கம்பெனியைக் காணோம்! வாசலில் காவலாளி. "யாரைப் பார்க்கணும்?" சட்டென்று என்ன சொல்வது? "சும்மா கட்டிடத்தைப் பார்க்க வந்தேன்" என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். என்னைப் போய் சந்தேகப்படுகிறான்!

பஸ்ஸில் திரும்பும்போது நிஜமாகவே வயிறு வலித்தது.

10 செப்டம்பர், சனி

மத்தியானம் அந்த ரஞ்சன் வீட்டுக்கே வந்துவிட்டான். ஒல்லி, மூக்குக்கண்ணாடி. 'மேஷோமஷாய்' என்று என் காலைத் தொட்டான். அதாவது அவன் அம்மாவின் தங்கை புருஷனாம் நான். உறவெல்லாம் அதற்குள் தயார்! இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தான். இவள் எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போன நேரத்திலும் விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தான். நான் பேப்பரில் பங்குச்சந்தை பக்கத்தை இரண்டு மணி நேரமும் படித்தேன். எனக்குப் பங்கு எதுவும் கிடையாது.

அவன் போனதும் தாயும் பெண்ணும் லேக் மார்க்கெட்டுக்குக் கிளம்பினார்கள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் என்ன ஒன்றும் தெரியாதவனா? போர்ட்டில் மூன்று நாள் ட்ரெயினிங், சர்டிஃபிகேட் வேறு. உட்கார்ந்தேன். இந்த நாலு பெட்டிக்குப் பின்னால் ஏதாவது கடிதம் கிடிதம் இருக்குமென்று நினைத்தேன். ஒவ்வொரு மேளமாகத் திறந்து குமிழ்களைத் திருகிப் பார்த்தேன். டும் என்பது டங் ஆயிற்று. டங் என்பது குடத்தில் கல் போட்ட மாதிரி ஆயிற்று. கடிதம் எதுவும் இல்லை. அடுத்ததற்குப் போகும்போதெல்லாம் சேவ் செய்யட்டுமா என்று கேட்டது. எதை மூடினாலும் சேவ் செய் என்றுதானே ட்ரெயினிங்கில் சொன்னார்கள்? செய்தேன்.

11 செப்டம்பர், ஞாயிறு

ஐயோ.

காலையில் ஹம்சினி ஒரு சத்தம் போட்டாள். முப்பத்திரண்டும் போய்விட்டது. எல்லாம் குடம், தகரம், தவளை. ஆபீசில் இருக்கும் பிரதி ஒரு மாசம் பழசு, அதில் ஆறோ ஏழோதான் இருக்கிறதாம்.

"நேத்து அவன்தானேம்மா உக்காந்தான்? தண்ணி எடுத்துண்டு வான்னு என்னை அனுப்பிட்டு! எனக்கு ஏன் தோணவேயில்லை?" என்று அழுகிறாள். உடனே ஃபோனை எடுத்தாள். வங்காளத்தில் அவனை என்னென்னவோ கேட்டாள். இத்தனை வேகமான வங்காளம் எனக்கு வராது. 'சோர்' மட்டும் புரிந்தது. திருடன்.

நான் சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. உண்மையைத்தானே எழுத வேண்டும் இங்கே? எனக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாகக்கூட இருந்தது. இனி அந்த ஒல்லிப் பயல் இந்தப் பக்கம் வரமாட்டான் என்று.

நாளைக்கு முதலாளியிடம் புகார் கொடுக்கப் போகிறாளாம். கொடுத்தால் அவன் வேலை போய்விடும்.

நாகு மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நேத்து நாங்க திரும்பி வரச்சே நாற்காலி ஏன் அவ்வளவு உசரமா இருந்தது?" என்றாள். நாற்காலியை உயர்த்திக்கொள்ளச் சொன்னதும் அந்த ட்ரெயினிங்தான்.

12 செப்டம்பர், திங்கள்

சொல்லிவிட்டேன். பஸ் நிறுத்தத்தில். "அது ரஞ்சன் இல்லைம்மா. நான்."

பஸ் வந்தது, ஏறினாள். நானும் ஏறினேன்.

"நீ எங்கே வரே?"

"அந்தப் பையன்கிட்ட நானே சொல்றேன்."

செக்டர் ஃபைவ் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வாசலில் அதே காவலாளி. "என்ன அண்ணா, கட்டிடம் இன்னும் பார்த்து முடியலையா?" ஹம்சினி என் பக்கம் திரும்பினாள். "இன்னுமா? எப்போ வந்தே நீ?" அதையும் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரே காலையில் இரண்டு வழக்கு.

ரஞ்சன் கீழே வந்தான். என் ஓட்டை வங்காளத்தில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"முப்பத்திரண்டுமா, மேஷோமஷாய்?"

"முப்பத்திரண்டும்."

"ஒவ்வொண்ணையும் சேவ் பண்ணினீங்களா?"

"போர்ட் ட்ரெயினிங்."

படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தான். ஹம்சினி அவனிடம் சாரி என்றாள். அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "நான்தான் பண்ணியிருப்பேன்னு நினைக்க உனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகலை, இல்ல?" என்று கேட்டான்.

அவள் தலை குனிந்தாள். எங்கிருந்து வந்தது அந்தச் சந்தேகம் என்று எனக்குத் தெரியும். மூக்கு அவள் அம்மாவுடையது. இது என்னுடையது.

14 செப்டம்பர்

பழைய பிரதியையும் சேர்த்துப் பதினோரு மேளம்தான் தேறியது. நிரந்தர இடம் ரஞ்சனுக்கு. இவளுக்கு இன்னும் மூன்று மாசம் தவணை.

நியாயம்தான்.

23 செப்டம்பர்

சாப்பிடும்போது உப்பு கேட்டாள். ஒன்பது நாளில் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

1 அக்டோபர், சனி

ஃபோன் அடித்தது, எடுத்தேன். ரஞ்சன். "ஹம்சினி இருக்காளா?" இருக்கிறாள் என்று சொல்லி அவளிடம் கொடுத்தேன். கொடுத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். துணி காயவில்லை. இருந்தாலும் அங்கேயே நின்றிருந்தேன்.

11 அக்டோபர், அஷ்டமி

தெருப் பந்தலில் காலையிலிருந்து டாக். ஜன்னல் கம்பி அதிருகிறது. ஹம்சினி வந்து, "அப்பா, கொஞ்சம் வா" என்றாள். பந்தலுக்குத்தான் கூட்டிப் போனாள். மேளக்காரர்கள் டீ குடிக்க நிறுத்தியதும் செல்ஃபோனை என் காதில் வைத்தாள்.

"இப்போ கேட்டியே, அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? பொய்யா தெரியறதா? ஆபீஸ்ல எல்லாரும் நன்னா இருக்குன்னே சொல்றா. எதையும் நம்பாத ஆள் ஒருத்தர் வேணும்."

இதைவிடப் பொருத்தமான ஆள் எங்கள் பவானிபூரில் கிடையாது. மூன்று தடவை கேட்டேன்.

"தோல் இருக்கு. குச்சி இல்லை."

ஃபோனை என் காதிலிருந்து எடுத்துத் தானும் ஒரு தடவை கேட்டாள். பிறகு வேகமாக வீட்டுக்கு நடந்தாள், நானும் பின்னால். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டாள். ஃபோனில் ரஞ்சனைக் கூப்பிட்டு, சத்தமாக வைத்தாள்.

"ரஞ்சன், குச்சி இல்லையாம். ஒரு பெட்டியைச் சட்டுனு வந்து மறையற மாதிரி வைக்கட்டுமா?"

"வச்சுப் பாரு. சொன்னது யாரு?"

"அப்பா."

"மவுஸ் யார் கையில?" என்றான் ரஞ்சன்.

அவள் சிரித்தாள். ஒரு மாசத்துக்குப் பிறகு.

கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட் கேட்டது. புதிதாகப் போட்டிருக்கிறாள். "அப்பா, அந்தப் பக்கம் திரும்பிக்கோ" என்றாள். காலண்டரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். ஏழு தட்டு கேட்டது. எண்ணக் கூடாது என்றுதான் நினைத்தேன்.