மச்சாள் வாங்கி வைத்த ஷாம்புப் போத்தல்கள்

மச்சாள்,

காலையில் பேத்தி அந்தப் பையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தெடுத்து, ஒரு போத்தலைத் திறந்து மணந்து பார்த்திருக்கிறாள். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பச்சை அப்பிள் வாசம் அடுப்புப் புகையையும் தாண்டி வந்து மூக்கில் ஏறியது. "மூடடி அதை!" என்று நான் போட்ட சத்தத்தில் பிள்ளை மூடியையே கைதவற விட்டுவிட்டாள்.

"அம்மம்மா, நீங்கள் பாவிக்கிறதும் இல்லை, ஆரையும் பாவிக்க விடுறதும் இல்லை," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "பள்ளிக்கூட விடுதிப் பிள்ளையளுக்குச் சோப்பு, ஷாம்பு எல்லாம் சேர்க்கினம். இண்டைக்கு மத்தியானத்துக்குள்ள கொண்டுபோகோணும். இதைக் குடுப்பமே?"

"யோசிச்சுச் சொல்லுறன்."

"ஒரு வருசமா யோசிக்கிறியள்."

அவள் சொன்னது சரிதான். அதனால், உங்களுக்கே எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று அவளுடைய கொப்பியில் தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் என் கடிதங்களை நானே எழுதியவள். உங்கள் தம்பி சவூதியில் இருந்த ஆறு வருடமும் மாதம் இரண்டு கடிதம் போட்டேன். பிழை திருத்தித் தருகிறேன் என்று நீங்கள் எத்தனையோ தரம் கேட்டீர்கள். ஒன்றையும் காட்டவில்லை.

பையில் இருப்பவை எல்லாம் நீங்கள் எனக்கென்று வாங்கியவை. இரண்டு ஷாம்பு, முழுகிய பிறகு பூசுகிற கிறீம் ஒன்று, முடி வளருகிற எண்ணெய் ஒன்று, பல் அகலமான சீப்பு, ஒரு மட்டை கறுப்புக் கிளிப். உங்கள் முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் உங்கள் மகள் சாந்தா கொண்டுவந்து தந்தாள். அன்றைக்குக் கட்டிலுக்கு அடியில் தள்ளியதுதான். அந்தச் சாமான்களோடு எனக்குக் கோபம் இல்லை. அவற்றை வாங்கிய ஆளோடுதான் கோபம்.

என் முடி உங்களுக்குத் தெரியாததா? அவிழ்த்துவிட்டால் முழங்காலைத் தொடும். வெள்ளிக்கிழமை முழுகிவிட்டு வந்தால் நீங்கள்தான் துவட்டிச் சிக்கெடுப்பீர்கள். "இந்தத் தலைமயிரைப் பார்த்துத்தான் என்ர தம்பி விழுந்தவன். முகத்தைப் பார்த்திருந்தானெண்டால் கொஞ்சம் யோசிச்சிருப்பான்," என்பீர்கள். "உங்கட தம்பியின்ர முகத்தைப் பார்த்துத்தான் நான் மூண்டு மாசம் யோசிச்சனான்," என்று நானும் விடமாட்டேன். சாம்பிராணிப் புகைக்குள் இருவரும் இருமி இருமிச் சிரிப்போம்.

அவருக்கு வருத்தம் வந்து, கொழும்புக்குக் கொண்டுபோய்ப் பதினொரு நாள் ஆஸ்பத்திரி வாட்டில் வைத்திருந்தோம். அவருடைய மூச்சு நின்றபோது நாங்கள் இருவரும் வெளியே, உள்ளே விடுகிற நேரத்துக்காக வாசற்காரனிடம் கெஞ்சிக்கொண்டு நின்றோம். பெட்டியில்தான் திருகோணமலைக்குத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு நீங்கள் ஆள் பிடித்து, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த மதிலில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு உடைப்பித்தீர்கள். "இனி படலை சுத்தி வர எனக்கு ஏலாது பிள்ளை," என்றீர்கள். அந்த வழியால்தான் பதினான்கு வருடம் போய்வந்தோம். உங்கள் வீட்டுக் குழம்பில் உப்புக் கூடினாலும் எனக்குத் தெரியும், என் வீட்டில் பேரப்பிள்ளை தும்மினாலும் உங்களுக்குத் தெரியும். எங்களுக்குள் மறைவு என்று ஒன்று இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு வயிற்றில் கட்டி என்று வந்தபோது டொக்டர் என்னையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார். கொழும்புக்குப் போய் மருந்து ஏற்றவேண்டும், பிந்தக்கூடாது என்றார். அன்று பின்னேரமே நான் சல்லிக் கோயில் அம்மாளுக்கு நேர்ந்தேன். இவ தப்பினால் போதும், என் தலைமுடி முழுவதையும் தருகிறேன் தாயே, முதலே தருகிறேன் என்று. மதில் வழியால் வந்து உங்களிடம் சொன்னபோது, "உனக்கென்ன விசரே?" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள்.

வியாழக்கிழமை கிளினிக். நீங்கள் உள்ளே போனீர்கள், நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து, "டொக்டர் முடிவை வாற முறை சொல்லுறாராம்," என்று கிளினிக் கொப்பியை என் கையில் தந்தீர்கள். வழக்கம்போல விரித்துப் பார்த்தேன். இங்கிலீசில் இரண்டு மூன்று வரி. அதற்குக் கீழே தமிழில் உங்கள் கையெழுத்து. மருந்துக் குளிசை எடுத்ததற்கு வைத்தது என்று நினைத்து, மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சல்லிக்குப் போனோம். வரவேண்டாம் என்றேன், நீங்கள் கேட்கவில்லை. ஆட்டோ குலுக்கிய குலுக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். கோயிலுக்குப் பின்னால் முடி இறக்குகிறவர் என் கொண்டையைப் பார்த்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, பொம்பிளையளுக்குப் பூமுடி காணும். நுனியில மூண்டு விரல் அளவு வெட்டுவன். அதுவே நேர்த்திதான்."

"நான் முழுசாத்தான் நேர்ந்தனான்."

"பிள்ளையளுக்குத் தெரியுமோ?"

"என்ர தலைக்கு அவையளிட்டக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வரோணுமோ? வேலையைப் பாரும்."

நீங்கள் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தீர்கள். "பூமுடியோட விடு பிள்ளை," என்றீர்கள். "அம்மாள் முழக்கோல் வைச்சே அளக்கப் போறா?" நான் கேட்கவில்லை. என் முடிமேல் உங்களுக்கு இருக்கிற ஆசை என்று நினைத்தேன். குனிந்தேன். காய்கிற மீனின் மணம் காற்றில் வந்துகொண்டிருந்தது. மடியில் விழுந்ததைப் பார்க்கவில்லை. நாற்பது வருடம் சுமந்தது போனதும் கழுத்து தானாக மேலே எழும்பியது போல இருந்தது.

சந்தனத்தை நீங்கள்தான் பூசினீர்கள். பூசிய இடத்திலேயே திரும்பத் திரும்பப் பூசினீர்கள். வருத்தத்தை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்று எண்ணி, "பயப்பிடாதேங்கோ மச்சாள், குடுத்தாச்சு, இனி அம்மாள் பார்ப்பா," என்று நான் உங்களுக்கு ஆறுதல் சொன்னேன். வெயில் சுடுகிறது என்று உங்கள் சேலைத் தலைப்பை என் மொட்டைமேல் போட்டீர்கள்.

அதற்கு அடுத்த கிளினிக்கில்தான் அந்தக் கதையைச் சொன்னீர்கள். "கொழும்புக்குப் போகத் தேவையில்லையாம் பிள்ளை. குளிசையே காணுமாம், வேறொண்டும் வேண்டாமாம்."

எனக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே கால் தரையில் பாவவில்லை. அம்மாள் கேட்டுவிட்டாள்! ஒழுங்கையில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். மொட்டையை மறைக்காமல் சந்தைக்குப் போனேன். "என்னக்கா இது கோலம்?" என்று கேட்டவளிடம், "இது கோலம் இல்லையடி, என்ர மச்சாளின்ர உயிர்," என்று சொன்னேன். முற்றத்தில் பொங்கி, பன்னிரண்டு வீட்டுக்கு இலையில் கொடுத்தேன். முதல் இலை உங்களுக்கு. இருந்து சாப்பிட்டீர்கள். "சக்கரை கொஞ்சம் கூடிப்போச்சு," என்று குறையும் சொன்னீர்கள். மிஞ்சின இலைகளை வாசலில் போட, ஊருக்குள் திரிகிற மான்கள் வந்து தின்றுவிட்டுப் போயின.

மூன்று மாதம். அவ்வளவுதான்.

செத்த வீட்டில் ஒருத்தி என் காதில் படத்தான் சொன்னாள்: "தலையையும் குடுத்து ஆளையும் குடுத்திட்டா, பாவம்." அதைக்கூடத் தாங்கினேன். அம்மாளோடு சண்டை பிடித்தேன். சல்லிப் பக்கம் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பாருங்கள், பழியை எங்கே கொண்டுபோய்ப் போட்டேன் என்று.

முப்பத்தொன்றின் மறுநாள் சாந்தா பையோடு வந்தாள். "மாமி, அம்மா உங்களுக்கெண்டு வைச்சது. சேலையளுக்கு அடியில இருந்தது."

"எப்ப வாங்கினது?"

"நீங்கள் மொட்டை அடிச்ச அடுத்த நாள். என்னைத்தான் டவுனுக்கு அனுப்பினவ. அவவுக்கு முடி வளரும், அப்ப குடு எண்டு சொன்னவ."

"அப்ப குடு எண்டோ? தான் குடுக்கிறனெண்டு சொல்லேல்லையோ?"

சாந்தா தலையைக் குனிந்தாள். நான் அலுமாரிக்குள் இருந்த உங்கள் கிளினிக் கொப்பியை எடுத்து அவளுக்கு முன்னால் போட்டேன். ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த வியாழக்கிழமைப் பக்கத்தை விரித்து, "வாசி," என்றேன்.

"வேண்டாம் மாமி."

"வாசியடி."

"கொழும்புக்குப் போக விருப்பமில்லை. மருந்து ஏத்தவும் விருப்பமில்லை. விளக்கமாச் சொல்லியும் மறுத்திட்டா, எண்டு எழுதியிருக்கு. கீழ அம்மாவின்ர கையெழுத்து."

அந்தப் பக்கம் என் கைப்பைக்குள் இருந்தது மச்சாள். சல்லிக்குப் போன அன்றும் இருந்தது. நீங்கள் வேண்டாம் என்று கையெழுத்து வைத்து ஐந்தாம் நாள், நீங்கள் பிழைக்கவேண்டும் என்று நான் தலையைக் குனிந்தேன். அந்தக் கொப்பி கிடந்த என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டுதான் கதிரையில் இருந்தீர்கள்.

"உனக்கும் தெரியும், என்ன?" என்று சாந்தாவிடம் கேட்டேன்.

"ஓம் மாமி. தம்பியைக் கொழும்பில துலைச்ச மாதிரி நானும் துலையமாட்டன், என்ர கட்டில்ல கிடந்து சாகிறன் எண்டு ஒரே பிடி. மாமியிட்டச் சொன்னா என்னைத் தூக்கி பஸ்ஸில போட்டிடுவா, சொல்லாத எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவ."

போட்டிருப்பேன். அதை இல்லை என்று சொல்லமாட்டேன். கையைக் காலைக் கட்டியாவது கொண்டுபோயிருப்பேன். நீங்கள் என்னைச் சரியாகத்தான் கணித்திருந்தீர்கள். ஆனால் நேர்த்திக்கு முதல்நாள் அந்த மதில் வழியால் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? பொங்கல் இலையை என் கையிலிருந்து வாங்கும்போதாவது? ஒழுங்கை முழுக்க நான் பெருமை பேசித் திரிந்ததைப் பார்த்துக்கொண்டு எப்படி இருந்தீர்கள்? எழுத வாசிக்கத் தெரியாதவள் என்று யாரும் என்னைச் சொன்னால் முதலில் சண்டைக்குப் போகிறவர் நீங்கள். அதே நீங்கள், என்னால் வாசிக்க ஏலாத பாசையில் உங்கள் சாவை எழுதுவித்து, அதை என்னையே காவித் திரியவும் வைத்தீர்கள்.

முடி இப்போது தோளில் தொட்டு நிற்கிறது. எல்லாம் வெள்ளை. சவர்க்காரம் போட்டுத்தான் முழுகுகிறேன். அது தும்பு மாதிரி முறுகி நிற்கிறது. உங்கள் போத்தலைத் தொட்டால் உங்களோடு சமாதானம் என்று ஆகிவிடும் என்ற பிடிவாதம். எறியவும் கை வரவில்லை. ஆருக்கும் கொடுக்கவும் வரவில்லை. என் பொருள் இல்லாததை நான் எப்படிக் கொடுப்பது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவும் எழுதி நிமிர்ந்தபோது பேத்தி வெளிக்கிட்டு, தலைக்கு ரிபனும் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மம்மா, குடுக்கிறமோ இல்லையோ? ஒண்டைச் சொல்லுங்கோ."

"கொண்டு போ."

"சீப்பு?"

"எல்லாத்தையும் கொண்டு போ. ஒண்டும் மிச்சம் வைக்காத."

அவள் ஒரு துண்டுத் தாளை எடுத்தாள். "ஆர் குடுத்தது எண்டு எழுதி ஒட்டோணும். பெரியம்மம்மாவின்ர பேரையே எழுதட்டே? அவ வாங்கினதுதானே."

ஓம் என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். பிறகு அந்தத் துண்டை அவள் கையிலிருந்து வாங்கி, என் பேரை நானே எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாக, பெரிதாக. நீங்கள் எனக்குத் தந்ததை நான் வாங்கிக்கொண்டுவிட்டேன் மச்சாள். வாங்கிய பிறகுதான் கொடுத்தேன். அந்தப் பச்சை அப்பிள் வாசத்தோடு எந்தப் பிள்ளையாவது திங்கட்கிழமை வகுப்புக்குப் போகட்டும்.

பொய்யை மன்னித்துவிடலாம் போலத்தான் இருக்கிறது. அந்த மூன்று மாதமும் நான் ஒரு நாள்கூடப் பயப்படவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாக நித்திரை கொண்டேன், மொட்டைத் தலையோடு ஊர் சுற்றினேன். அதே மூன்று மாதமும் நீங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, நான் சிரிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, தனியாகப் பயந்திருக்கிறீர்கள். என்னைக் கூப்பிட்டிருக்கலாம். நான் கத்தியிருப்பேன், காலில் விழுந்திருப்பேன், பஸ்ஸுக்கு இழுத்திருப்பேன். அதற்கும் நீங்கள் அசையவில்லை என்றால், உங்கள் கட்டிலில் ஒரு ஓரமாக ஏறிப் படுத்து, உங்களோடு சேர்ந்து பயந்திருப்பேன். அந்த இடத்தை எனக்குத் தராமல் போனீர்களே, அதைத்தான் மச்சாள், எனக்கு இன்னும் பொறுக்க ஏலாமல் இருக்கிறது.