செங்குன்றம் தந்த பனிப்பசலை

மழை பொய்யாதாகுக. மடை தூராதாகுக. உழுதவன் கை ஓயாதாகுக.

ஏழருவி காக்கும் செங்குன்ற நாட்டின் தனிக்கோல் தாங்கியவரும், மலைக்குடிகள் அனைவர்க்கும் நிழலானவரும், நறையாற்றின் தலைமதகுக்கு உரியவரும் ஆகிய என் தமையனார், கோமான் அடலேறனார் திருமுன்பு, தாழைத்துறை நாட்டு வேந்தர் வேலாழியாரின் பட்டத்தரசி அல்லியங்கோதை வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் குடை சாயாதிருக்க. தங்கள் குன்றுகளில் தினையும் தேனும் குறையாதிருக்க. இவ்வாழ்த்தை வழக்கத்துக்காக எழுதவில்லை. இது தங்களுக்கு எத்துணை வேண்டியிருக்கும் என்பதை ஓலையின் கடைசி வரியை எட்டுமுன் அறிவீர்கள்.

நான் மணம் முடித்து ஆற்றுவழியே ஓடத்தில் இறங்கிய அன்று, பொன்னும் பட்டும் யானைத்தந்தமும் ஏற்றிய பின்னர், தாங்கள் தங்கள் கையாலேயே ஒரு மண்தொட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தீர்கள். தொட்டி விளிம்பைத் தாண்டி வழிந்திருந்தது ஒரு சதைப்பற்றுள்ள படர்கொடி. தண்டிலும் இலையிலும் பனித்துளி உறைந்ததுபோல் மணிமணியாய் மின்னியது. உச்சி வெயிலிலும் அத்துளிகள் உலரவில்லை. கடல்வழி வந்த வணிகர் கொடுத்தது, பெயர் பனிப்பசலை, என்றீர்கள். அதைப் பேணும் முறை அறிந்தவன் என்று தோட்டக்காரன் பொழிலனையும் என்னோடு அனுப்பினீர்கள்.

பேணும் முறையை அவன் எனக்கு நன்றாகவே கற்பித்தான். மணல் கலந்த மண்ணில் நடவேண்டும். நாள் முழுதும் வெயில் விழவேண்டும். நிழலில் இருந்தால் கொடி நீளுமே தவிரப் பூக்காது. வேர் நீரில் ஊறினால் அழுகும். ஆதலால் மண் விரலிடையில் பொடியாய் உதிரும்வரை காத்திருந்து, பின்னரே நீர் விடவேண்டும். நுனி கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளை விட்டுப் பாயாய்ப் படரும். கிள்ளிய நுனியையும் சற்றே நிழலில் வாடவிட்டு நட்டால் அதுவும் வேர்பிடிக்கும். கதிர் ஏறும்போது பூ விரியும். வெள்ளையும் இளஞ்சிவப்புமாய் மயிரிழை போன்ற இதழ்கள். மாலையில் இமை மூடுவதுபோல் மூடிக்கொள்ளும்.

அரண்மனை முற்றத்தில் அது படர்ந்த அழகைக் கண்டு ஊர்ப் பெண்கள் கேட்டார்கள். கேட்டவர்க்கெல்லாம் என் கையாலேயே கிள்ளிக் கொடுத்தேன். வரப்புகளில் நட்டால் மண் சரியாது, களை முளையாது, நடவுக்குப் போகும் பெண்களுக்குக் கால் சுடாது என்று பொழிலன் சொன்னான். அதுவும் மெய்யாகவே இருந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் மேட்டுநிலத்து வரப்பெல்லாம் பனிப்பசலை பூத்தது. அதே ஆண்டுகளில், மலையில் மழை குறைவு என்று தாங்கள் ஓலை விடுத்துத் தலைமதகைப் பாதி அடைத்தீர்கள். நெல் வாடியது. நீர் வேண்டாத இக்கொடி மட்டும் வரப்பிலிருந்து வயலுக்குள் இறங்கியது. பசுமை கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்ததால் எவரும் அதைப் பிடுங்கவில்லை.

சென்ற அறுவடைக் காலத்தில், அறுக்க ஒன்றும் இல்லாத வேளையில், கரும்படுகை ஊரின் உழத்தி ஏரம்மை என்பவள் அரசவைக்கு வந்தாள். முந்தானையில் ஒரு மண்கட்டி முடிந்திருந்தாள். வேந்தரை அவள் பார்க்கவில்லை. நேரே என்னிடம் நீட்டினாள். அவள் சொன்ன சொல்லை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

“தாயே, இத வாயில போட்டுப் பாருங்க. நெல்லு மொளைக்குது, சாண் உசரம் வருது, அப்புறம் நுனி கருகிப் போவுது. கடலு எங்கயோ கெடக்கு. எங்க வயலுக்கு உப்பு யாரு கொண்டாந்தது?”

நாவில் வைத்தேன். உப்பளத்து மண்போல் கரித்தது. கரும்படுகை கடலிலிருந்து வெகுதொலைவு. ஓதநீர் எக்காலத்தும் ஏறாத மேடு. ஏரம்மையின் கண் என் கூந்தலில் இருந்த பூவின்மேல் நின்றது. நான் அன்று சூடியிருந்தது பனிப்பசலை.

அன்றே ஒரே வண்டலை இரு தொட்டிகளில் நிரப்பி, ஒன்றில் பனிப்பசலையை நட்டு, மற்றதை வெறுமையாக விட்டேன். கொடியை எவர் கையிலும் விடாமல் நானே பேணினேன். அது பூத்து, காய்த்து, சிவந்து, நின்ற இடத்திலேயே காய்ந்தது. காய்ந்த சருகின்மேல் பனி இறங்கியது. பின்னர் இரண்டிலும் கேழ்வரகு விதைத்தேன். வெறுந்தொட்டியில் பயிர் எழுந்தது. மற்றதில் ஒரு முளையும் இல்லை. மண்ணின்மேல் வெண்பொருக்கு பூத்திருந்தது. மண்ணில் பரந்து கிடக்கும் உப்பையெல்லாம் உறிஞ்சித் தன் உடலில் சேர்த்து, சாகும்போது அதை மேல்மண்ணில் கக்கிவிட்டுச் சாவது அதன் இயல்பு. இலையில் மின்னிய துளிகள் அந்த உப்புநீர்தான்.

பொழிலனை அழைத்து அந்தத் தொட்டியை அவன் முன் வைத்தேன். அவனை யாரும் அடிக்கவில்லை, அச்சுறுத்தவில்லை. அவனே தரையில் அமர்ந்துவிட்டான்.

“கண்டுபுடிச்சிட்டீங்க, இனி மறைக்க மாட்டேன்,” என்றான். “நம்ம மலை மன்னருக்கு இது தெரியும். கடலோரத் தீவு ஒண்ணு இதால பாழாப் போனத அந்த வணிகருங்க சொல்லித்தான் கொடுத்தாங்க. ‘என் தங்கச்சி பூவுன்னா உசிர விடுவா. படை வேணாம், அவ கையே போதும், ஊரெல்லாம் நட்டுடுவா. வயிறு காஞ்சா அந்த நாடு தானா மலையேறி வந்து என் காலடியில நிக்கும்’னு சொன்னாரு. எம் பொண்டாட்டி, புள்ளைங்க மலைக்கோட்டைக்குள்ள இருக்காங்க, தாயே. நான் என்ன செய்ய?”

தமையனாரே, அவன் கூறியதில் பொய் இருக்கலாம் என்று நான் ஒரு நாள் முழுதும் என்னையே ஏமாற்றிப் பார்த்தேன். ஆயினும் ‘பூவென்றால் உயிரை விடுவாள்’ என்ற சொல் தங்கள் சொல். அன்னையார் இருந்த காலத்தில் நகைத்துக்கொண்டே அதைப் பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். ஒரு தோட்டக்காரன் அதைப் புனைய இயலாது.

செய்தி அவைக்கு வந்தபோது, பொழிலனைக் கழுவேற்றவும் என்னைச் சிறைவைக்கவும் அமைச்சர் மூவேலியார் வேண்டினார். அவரைக் குறைகூற மாட்டேன். அவர் இடத்தில் நானும் அதையே வேண்டியிருப்பேன். வேந்தர் என்னை நோக்கி, “நீ அறிந்து செய்தாயா என்று நான் கேட்கமாட்டேன். நான் உன்னை நம்புவதால் கரும்படுகைக்கு ஒரு பிடி நெல்லும் விளையாது. அவர்கள் நம்பும்படி ஏதேனும் செய்,” என்றார்.

மறுநாள் நான் கரும்படுகை வயலில் இறங்கினேன். ஒருவரும் வணங்கவில்லை, வழியும் மறிக்கவில்லை. நான் குனிந்து பிடுங்கத் தொடங்கியபோது வரப்பில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். தண்டு ஒடிந்து உப்புச்சாறு கைவெடிப்பில் இறங்கி எரிந்தது. வெயில் ஏறியபின் ஏரம்மை பக்கத்தில் வந்து குனிந்தாள்.

“அப்பிடி ஒடிக்காதீங்க, வேரோட இழுங்க. இழுத்தத வயல்ல போடாதீங்க, கூடையில போடுங்க,” என்றாள். அந்தி சாய்வதற்குள் ஊரே வயலில் இறங்கியிருந்தது. பொழிலனும் இறங்கினான். அவன்மேல் ஒரு கல் விழுந்தது. யார் எறிந்தது என்று நான் கேட்கவில்லை, அவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

இனி இவ்வோலை எதற்காக எழுதப்பட்டதோ அதைச் சொல்கிறேன்.

தங்கள் மலையடிவாரத்து இடையர் ஆண்டுதோறும் எங்கள் வயல்களில் ஆட்டுக்கிடை போட வருவதைத் தாங்கள் அறிவீர்கள். இவ்வாண்டு நாங்கள் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, அவர்களுள் தொறுவன் என்பவன் வரப்பில் நின்று சிரித்தான். ஏன் சிரிக்கிறாய் என்றேன்.

“இதப் போயி இவ்வளவு பேரு புடுங்குறீங்களே, தாயே. எங்க மேட்டுல இது தானா வந்து கெடக்கு. ஆடு இங்க தின்னுட்டு அங்க போயி புழுக்க போடுது, அதுல மொளைக்குது. ரெண்டு வருசமா தினைக்கொல்லை பூரா பூவுதான். மன்னரு குளிக்கிற சுனைக்கரையிலகூடப் பூத்திருக்கு. அழகா இருக்குன்னு யாரும் கை வெக்கல.”

தினை எப்படி என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. “இந்த வருசம் கொஞ்சம் கருகல்தான்,” என்றான்.

இதைக் கேட்ட மூவேலியார் அன்றிரவே வேந்தரிடம் ஒரு யோசனை கூறினார். நாம் வாய் திறவாதிருந்தால் போதும்; மலைமண் மெல்லியது, நம்மினும் விரைவில் பாழாகும்; செங்குன்றம் தானாக இறங்கி வந்து நம் காலடியில் நிற்கும் என்றார். முடிவை வேந்தர் என்னிடம் விட்டார். தங்களுடைய எண்ணமே சொல் மாறாமல் எங்கள் அவையில் எழுந்து நின்றதைக் கண்டேன். அது என்னை அஞ்சச் செய்தது. வாய் திறவாதிருக்க எனக்கும் விருப்பம் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் தொறுவனுக்குத் தோளில் தூக்கிவரும் ஒரு பெண்குழந்தை இருக்கிறது. அதன் தலையில் அந்தப் பூ இருந்தது. அதற்குத் தங்கள் கருத்தும் தெரியாது, என் சினமும் தெரியாது.

ஆகவே எழுதுகிறேன், கவனமாகக் கேட்டருள்க. பூ உதிர்ந்து காய் முற்றுமுன் வேரோடு பிடுங்கச் செய்க. ஒரு காய் வெடித்தாலும் அதன் விதை ஆண்டுக்கணக்கில் மண்ணில் கண்விழித்துக் கிடக்கும். பிடுங்கியதை நிலத்தில் காயவிடாதீர்கள். அங்கேயே எரிக்கவும் வேண்டா. சாம்பலிலும் உப்பு நிற்கும். கூடையில் அள்ளி, எங்கள் ஓடத்துறையில் இறக்குங்கள். எங்களுடையதோடு சேர்த்துக் கடலில் கொட்டுவோம். கிடை ஆடுகளைக் காய்க்கும் காலத்தில் அப்பக்கம் விடாதீர்கள். கெட்ட நிலத்தில் நன்னீரைத் தேக்கி வடித்து, மீண்டும் தேக்கி வடித்தால், பொறுமை இருந்தால், மண் மீளும். எங்கள் வயல்களும் அவ்வாறே கழுவப்படவேண்டும். அதற்குரிய நீர் தங்கள் மதகுக்குப் பின்னால் நிற்கிறது. மலையில் மழை குறையவில்லை என்பதையும் தொறுவன் கூறினான்.

எங்கள் படை ஆற்றின் நடுத்துறையில் பாசறை இட்டிருக்கிறது. நான் கேட்டுக்கொண்டதால் அது இன்னும் அடி எடுத்து வைக்கவில்லை. கார்மேகம் மேற்கே திரளும்வரை நிற்கும். அதற்குள் தலைமதகு முழுதும் திறக்கப்படுக. பொழிலனின் மனைவி மக்கள் ஊறின்றி ஓடத்தில் இறக்கப்படுக.

இவ்வோலையைத் தாங்கள் அவையோர் காணாமல் அடுப்பில் இடக்கூடும் என்று எண்ணினேன். ஆதலால் இதையே எளிய சொல்லில் எழுதுவித்து, தொறுவன் கூட்டத்தார் கையில் முன்கூட்டியே கொடுத்தனுப்பினேன். படிக்கத் தெரியாதவர்க்குச் சொல்லுமாறு தொறுவனை மனப்பாடமும் செய்வித்தேன். எங்கள் தூதன் குதிரை தங்கள் கோட்டை வாயிலை அடையும் நேரத்தில், தங்கள் குடிகள் தத்தம் கொல்லையில் குனிந்து, ஒரு பிடி மண்ணை நாவில் வைத்துப் பார்த்திருப்பார்கள். இக்கொடியை எங்கள் கோமானா வருவித்தார் என்று கேட்க அவர்கள் குன்றேறி வருவார்கள். அவர்களுக்கு விடை சொல்லும் பொறுப்பை நான் ஏற்கவில்லை.

பிறந்த வீட்டு மோதிரத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இவ்வோலை தாழைத்துறை நாட்டின் சங்கு இலச்சினையால் முத்திரை இடப்பட்டது. வேந்தர் வேலாழியார் ஒப்ப, அரசி அல்லியங்கோதை கையெழுத்து.

இது வேண்டுகோளன்று, ஆணை. மதகைத் திறக்க.